கார் டிக்கியில் வைக்கும் துணிப்பெட்டி: 8708-ஆ, 4202-ஆ, 6307-ஆ?

கேள்வி, 2024 மார்ச் 2

நியூ ஜெர்சியில் சின்னதாக ஆன்லைன் வியாபாரம் செய்கிறேன். கார் டிக்கியில் வைக்கும் மடக்குப் பெட்டியைச் சீனாவிலிருந்து இறக்கலாம் என்று இருக்கிறேன். சாம்பல் நிறப் பாலியெஸ்டர் துணி, உள்ளே அட்டை, மூன்று தடுப்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் வெல்க்ரோ. காருக்கு மட்டுமே ஆகிற பொருள், அதனால் அமெரிக்கச் சுங்க அட்டவணையில் 8708-ஆம் தலைப்பு (கார் உதிரிபாகம்), 2.5 சதவீதம்தான் டூட்டி என்கிறார் சப்ளையர். என் கஸ்டம்ஸ் ப்ரோக்கர் 4202 (பை, பெட்டி வகை) என்கிறார், 17.6 சதவீதம். ப்ரோக்கர் வீணாகப் பயப்படுகிறாரா?

மார்ச் 2, இரவு

பயப்படவில்லை. ப்ரோக்கர் சொல்வதுதான் சரி. சப்ளையருக்கு டூட்டி கட்டுகிற வேலை இல்லை, அதனால் எந்தச் சுங்கக் கோடையும் (பொருளின் வகை எண்ணையும்) தைரியமாகச் சொல்வார்.

இதே மாதிரிப் பெட்டிக்காக ஒரு கம்பெனி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. குடைக்குப் பேர்போன டோட்ஸ். அவர்கள் டிக்கிப் பெட்டியும் விற்றார்கள். கஸ்டம்ஸ் 4202-இல் போட்டு 20 சதவீதம் கேட்டது, அப்போதைய விகிதம் அது. டோட்ஸ் இரண்டு வழி பார்த்தது. ஒன்று 8708, கார் உதிரிபாகமும் துணைப்பொருளும், 3.1 சதவீதம். இன்னொன்று 6307, துணியில் தைத்த இதர பொருள், 7 சதவீதம். 1994-இல் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் தோற்றது. மேல்முறையீட்டுக்குப் போய் 1995-இல் அங்கேயும் தோற்றது. இன்றைக்கும் துணிப்பெட்டி வழக்கு எது வந்தாலும் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

மார்ச் 3

"காருக்கு மட்டும்தானே பயன்படுகிறது, பிறகு எப்படி கார் சாமான் இல்லை?" என்று கீழே நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

8708-க்குள் நுழைய மூன்று வாசல் தாண்ட வேண்டும். அட்டவணையில் 8708 இருக்கும் பகுதியின் குறிப்புகள் பொருளை வெளியே தள்ளியிருக்கக் கூடாது. அது வண்டிக்கு மட்டுமே, அல்லது முக்கியமாக வண்டிக்கே ஆகிறதாக இருக்க வேண்டும். மூன்றாவது, அட்டவணையில் வேறு எங்கேயும் அதற்கு இன்னும் குறிப்பான இடம் இருக்கக் கூடாது. எல்லாரும் இரண்டாவது வாசலைத் தாண்டியதும் உள்ளே வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். டிக்கிப் பெட்டி விழுவது மூன்றாவதில்.

ஒரு எடுத்துக்காட்டு. முழுக் காரையும் மூடுகிற துணி உறை இருக்கிறதே, அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. அளவே காரின் அளவு. அதற்கு 8708 கிடைக்கிறதா? இல்லை. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பே அதை 6307-இல் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. காருக்கென்றே பிறந்த உறைக்கே அந்த நிலை என்றால், ஜம்பர் கேபிளும் மளிகைப் பையும் போட்டு வைக்கிற பெட்டி எந்த மூலை?

இப்போது 4202. அதன் வாசகத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். டிரங்குப் பெட்டி, சூட்கேஸ், பள்ளிப் பை, கண்ணாடிக் கூடு, கேமரா உறை, துப்பாக்கி உறை, "இவை போன்ற கொள்கலன்கள்" என்று ஒரு வரிசை. நடுவில் ஓர் அரைப்புள்ளி. பிறகு பயணப் பை, கைப்பை, பர்ஸ், கருவிப் பை, நகைப் பெட்டி, மறுபடியும் "இவை போன்ற கொள்கலன்கள்". அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ளவை எந்தப் பொருளில் செய்திருந்தாலும் சரி. பின்னால் உள்ளவை தோல், பிளாஸ்டிக் தாள், துணி மாதிரி குறிப்பிட்ட பொருள்களில் செய்திருக்க வேண்டும், அல்லது அவற்றால் மூடியிருக்க வேண்டும்.

சண்டையெல்லாம் அந்த "போன்ற" என்பதில்தான். துப்பாக்கி உறைக்கும் நகைப் பெட்டிக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? டோட்ஸ் வழக்கில் நீதிமன்றம் நாலு காரியத்தைச் சொன்னது: ஒழுங்காக அடுக்குவது, சேமித்து வைப்பது, பாதுகாப்பது, தூக்கிப் போவது. டிக்கிப் பெட்டி இவற்றைச் செய்கிறது, ஆகவே அது அந்தக் குடும்பம். எங்கே வைத்துப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றி அந்த நாலில் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டி மேலே கார் படம் போட்டாலும் போடாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

மார்ச் 3, பின்னிரவு

மேலே விட்டுப்போனது. 4202-க்கும் 6307-க்கும் நடுவில் "எது அதிகம் பொருந்தும்" என்று தராசு பிடிக்கிற வேலையே இல்லை. 6307 இருக்கும் பதினொன்றாம் பகுதியின் முதல் குறிப்பு, துணியில் செய்த 4202 பொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. 4202 பொருந்தினால் அதோடு சரி. 6307-க்குப் போக வேண்டும் என்றால், 4202 பொருந்தவே இல்லை என்று முதலில் காட்ட வேண்டும்.

மார்ச் 5

கேட்டவர் தனி மடலில் "சரி, காசுக் கணக்கு என்ன?" என்கிறார். பொதுவிலேயே போடுகிறேன்.

சீனச் சரக்கு, 10,000 டாலர் மதிப்பு, 2024-இன் விகிதம் என்று வையுங்கள். 4202.92.91 என்றால் 17.6, அதன் மேல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா போடுகிற 301-ஆம் பிரிவின் கூடுதல் வரி 25, மொத்தம் 4,260 டாலர். 6307.90.98 என்றால் 7, கூடுதல் வரி 7.5, மொத்தம் 1,450. சப்ளையர் ஆசையாகச் சொன்ன 8708.99.81 என்றால் 2.5, அதற்கும் கூடுதல் வரி 25, ஆக 2,750. அதாவது அவர் காட்டிய குறுக்கு வழிகூட மலிவான வழி இல்லை! 2018-க்கு முந்தைய கணக்கை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கிறார் போல.

சரக்குக் கையாளும் கட்டணம் 0.3464 சதவீதம், கப்பலில் வந்தால் துறைமுகப் பராமரிப்புக்கு 0.125 சதவீதம், இவை தனி.

மார்ச் 6

"ஒவ்வொரு பெட்டியாக பார்சலில் அனுப்பினால் 800 டாலருக்குக் கீழே டூட்டியே இல்லையே" என்று எழுதிய நண்பருக்கு: ஆமாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 800 டாலர் வரை அப்படித்தான் இருந்தது (பின்னால் சேர்த்தது: அந்தச் சலுகை 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது). ஆனால் ஒரே ஆர்டரை உடைத்து உங்கள் பெயருக்கும் மாமனார் பெயருக்கும் மச்சினர் பெயருக்கும் அனுப்புவது அந்தச் சலுகையில் அப்போதும் வந்ததில்லை. தவிர, ஒவ்வொன்றாக விமானத்தில் வந்தால் பெட்டியின் விலையை விடப் பார்சல் செலவு பெரிசு. மடக்கினாலும் அதற்குள் இருக்கிற அட்டை எடை எடைதான்.

மார்ச் 9

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்கிறவர்கள். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் கனமான பருத்திக் கேன்வாஸில் இதே டிக்கிப் பெட்டி கேட்கிறாராம். "6307 போட்டு அனுப்பட்டுமா, அவருக்கு டூட்டி குறையுமே?"

சார், இந்த விவாத இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது. காரணம், உங்கள் பெட்டிக்கு 4202-தான் மலிவு.

4202.92-க்குள் இறங்கினால் வெளிப்பரப்பு எந்த நாரில் ஆனது என்று பிரிகிறது. செயற்கை நார் 17.6. பருத்தி, 4202.92.60, வெறும் 6.3. 6307.90.98-இன் 7 சதவீதத்தை விடக் குறைவு. இந்தியச் சரக்குக்கு 301 கூடுதல் வரியும் கிடையாது. டோட்ஸ் காலத்திலிருந்து நடக்கிற இந்தத் தலைப்புச் சண்டை முழுவதும் பாலியெஸ்டர், நைலான் சண்டை. பருத்தியில் தைத்துவிட்டால் எதிராளியே இல்லை.

கோடு யார் பொறுப்பு என்றும் கேட்டீர்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்கு மேல் அந்தந்த நாடு. உங்கள் ஷிப்பிங் பில்லில் போடுவது டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கிற வரி) போன்ற உங்கள் பக்கத்துக் கணக்குக்கு. அமெரிக்காவில் தாக்கல் செய்கிற கோடுக்கு இறக்குமதியாளர்தான் பொறுப்பு. 1993-இன் சுங்க நவீனமயச் சட்டத்துக்குப் பிறகு "நியாயமான கவனம்" காட்ட வேண்டியது அவர். "ஏற்றுமதியாளர் இன்வாய்ஸில் அப்படித்தான் இருந்தது" என்பது அங்கே பதிலாகாது. உங்கள் இன்வாய்ஸில் கோடை விட முக்கியம் வர்ணனை. "கார் ஆக்சசரி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வெளித்துணி நூறு சதவீதப் பருத்தி, கைப்பிடி உண்டு, தடுப்பு உண்டு, மூடி உண்டா இல்லையா, எல்லாம் எழுதுங்கள்.

மார்ச் 10

பருத்தி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நேற்று அவசரமாக முடித்துவிட்டேன்.

தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணிக்கு பிளாஸ்டிக் பூச்சு கொடுப்பார்கள். பூச்சு உள்பக்கம் இருந்தால் பிரச்சினை இல்லை. வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்துவிட்டால், வெளிப்பரப்பு துணியா பிளாஸ்டிக் தாளா என்ற கேள்வி எழும். 42-ஆம் அத்தியாயத்துக்கான கூடுதல் அமெரிக்கக் குறிப்பு இதை நேரடியாகவே சொல்கிறது: வெளியே தெரிவது எது, எவ்வளவு என்று பார். பருத்தித் துணி வாங்கி, மேலே பளபளவென்று பூச்சு ஏற்றி, 6.3 சதவீதத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு இறக்குமதியாளர் கெட்டித் துணிக்கு ஆசைப்பட்டுக் கடைசி நேரத்தில் துணியை மாற்றினார், ப்ரோக்கரிடம் சொல்லவில்லை. சரக்கு துறைமுகத்தில் பரிசோதனைக்குப் பிரிந்தபோது அதிகாரி செய்தது ஒரே காரியம். விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், மெல்லிய தோல் மாதிரி உரிந்து வந்தது. அதோடு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு துண்டு போனது.

மார்ச் 14

"பெட்டியின் ஒரு பக்கத்தில் குளிர்பானம் வைக்க அலுமினியத் தாள் ஒட்டிய அறை இருக்கிறது. அது மாறுமா?"

சுவையான பகுதிக்கு வந்துவிட்டோம். மென்துணிக் குளிர்பைகள் பற்றித் தனியாகவே ஒரு வழக்கு உண்டு, எஸ்.ஜி.ஐ., 1997. டோட்ஸ் தீர்ப்பை வைத்துக் கஸ்டம்ஸ் அதையும் 4202 என்றது. "அடுக்குகிறது, சேமிக்கிறது, பாதுகாக்கிறது, தூக்குகிறது, வேறென்ன வேண்டும்?" மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 4202 வரிசையில் உள்ள எதுவும் உணவுக்கோ பானத்துக்கோ ஆனது இல்லை, குளிர்பையோ அதற்கென்றே ஆனது, அதனால் 3924, பிளாஸ்டிக் வீட்டுச் சாமான், 3.4 சதவீதம் என்றது. இறக்குமதியாளர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2002-இல் உலக அட்டவணையைத் திருத்தியபோது, வெப்பத்தடுப்பு உணவுப் பைகளை 4202 வரிசையிலேயே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள்! ஆனால் அமெரிக்காவில் அதற்கென்று குறைந்த விகிதமும் வந்தது. பாலியெஸ்டர் வெளித்துணி என்றால் 4202.92.08, 7 சதவீதம்.

உங்கள் பெட்டிக்கு: ஒரு சின்ன அறை மட்டும் குளிரறை என்றால் மொத்தப் பொருளின் முதன்மைத் தன்மை எது என்று பார்ப்பார்கள். அட்டவணையை எப்படிப் படிப்பது என்று சொல்கிற பொது விளக்க விதிகளில் 3-இன் 'ஆ' பிரிவு அது. மூன்றில் இரண்டு பங்கு சாதாரணப் பெட்டியாக இருந்தால், அலுமினியத் தாளைக் காட்டி 7 சதவீதம் கேட்பது பலிக்காது.

மார்ச் 14, கொஞ்ச நேரம் கழித்து

டோட்ஸ் சொன்ன நாலு காரியமும் எதை வேண்டுமானாலும் விழுங்கிவிடும் என்று நினைத்தால், ஆட்டர்பாக்ஸ் வழக்கையும் பாருங்கள். செல்போன் மேல் மாட்டுகிற கெட்டி உறை. கஸ்டம்ஸ் 4202 என்று 20 சதவீதம் கேட்டது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 3926, இதர பிளாஸ்டிக் பொருள் என்றது, 5.3 சதவீதம். உறைக்குள் இருக்கும்போதே போனைப் பேசலாம், தொடலாம், படம் எடுக்கலாம். சூட்கேஸுக்குள் இருக்கிற சட்டையைப் போட்டுக்கொள்ள முடியுமா? பாதுகாப்பது ஒன்று மட்டும் போதாது என்று அங்கே தெரிகிறது. ஆனால் டிக்கிப் பெட்டிக்கு இந்த வாதம் உதவாது. உள்ளே கிடக்கிற ஜாக்கியைப் பயன்படுத்த வெளியே எடுத்தாக வேண்டும்.

மார்ச் 17

இந்த வாரம் எல்லாரும் ஃபோர்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். "அவர்கள் மாதிரி நாமும் செய்தால் என்ன? கைப்பிடியை வெட்டிவிட்டால் தூக்கிப்போகிற பொருள் இல்லை என்று ஆகிவிடாதா?"

கதை தெரியாதவர்களுக்கு: துருக்கியில் செய்த டிரான்ஸிட் கனெக்ட் வேன். சரக்கு வேன் என்றால் 25 சதவீதம், 1960-களில் கோழி இறைச்சித் தகராறில் வந்த வரி, இன்னும் போகவில்லை. பயணிகள் வண்டி என்றால் 2.5. பின் சீட்டு வைத்து இறக்கி, கஸ்டம்ஸ் தாண்டியதும் சீட்டைக் கழற்றி, சரக்கு வேனாக விற்றார்கள். 2019-இல் மேல்முறையீட்டில் ஃபோர்டு தோற்றது. இந்த மாதம் 36.5 கோடி டாலருக்குச் சமரசம்.

அதற்காக டூட்டியை மனத்தில் வைத்துப் பொருளை வடிவமைப்பதே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1881-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சர்க்கரை வழக்கில் சொல்லிவிட்டது. நிறத்தை வைத்து டூட்டி போட்டார்கள், ஒருவர் நிறத்தைக் கருப்பாக்கி இறக்கினார், தவறில்லை என்றது. துறைமுகத்தில் இறங்குகிற நிலையில் பொருள் உண்மையில் என்னவோ அது. வேஷம் போட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆகவே கைப்பிடியே இல்லாத, மூடி இல்லாத, டிக்கிக்குள்ளேயே கிடக்கிற துணித்தொட்டி என்று உண்மையாகவே வடிவமைத்து, அப்படியே விற்றால், வாதாட ஓர் இடம் கிடைக்கும். வீட்டு அலமாரியில் தங்கும் துணிப்பெட்டிகள் 6307 பக்கம் போவது அந்தத் தர்க்கத்தில்தான். ஆனால் கைப்பிடி இல்லாத டிக்கிப் பெட்டியை யார் வாங்குவார்கள்? மளிகையோடு அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குத்தானே வாங்குகிறார்கள். கைப்பிடியைத் தனிப் பொட்டலத்தில் போட்டு "நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, அதைத்தான் ஃபோர்டு சீட்டில் செய்தது.

மார்ச் 21

இழை இந்தியா பக்கம் திரும்பிவிட்டது. கோயம்புத்தூர் நண்பர் "இந்தியாவில் கார் சாமான் எல்லாம் 8708-தான், இங்கே யாரும் கேட்பதில்லை" என்கிறார். கேட்டிருக்கிறார்கள். யூனி ப்ராடக்ட்ஸ் வழக்கு, 2020 மே 1, இந்திய உச்ச நீதிமன்றம். காருக்குள் விரிக்கிற மேட்டிங். அங்கே கட்சிகள் தலைகீழ்: துறை 8708 என்றது, கம்பெனி 5703, தரைவிரிப்பு என்றது. கம்பெனி ஜெயித்தது. காருக்கென்று வெட்டியிருந்தாலும் அது விரிப்புதான், விரிப்புக்கென்று தனி இடம் இருக்கிறது என்பதே சாரம். கலால் வழக்கு அது, ஆனால் தர்க்கம் நான் மேலே சொன்ன அதே மூன்றாவது வாசல்.

மார்ச் 28

கேட்டவர் "கஸ்டம்ஸிடமே எழுதிக் கேட்கலாமா" என்கிறார். தாராளமாக. நியூயார்க்கில் இருக்கிற சரக்கு நிபுணர் பிரிவுக்கு ஆன்லைனில் எழுதலாம், கட்டணம் இல்லை, சாதாரணமாக 30 நாளில் பதில். இரண்டு விஷயம் கவனியுங்கள். இனி வரப்போகிற சரக்குக்கு மட்டும்தான் கேட்க முடியும், ஏற்கெனவே தாக்கல் ஆன சரக்குக்கு இல்லை. அப்புறம், பதில் உங்களைக் கட்டுப்படுத்தும். பிடிக்காத பதில் வந்தால் டிராயரில் போட்டுவிட்டு வேறு கோடு போட முடியாது. அதனால் கேட்பதற்கு முன்னால் பழைய முடிவுகளைத் தேடுங்கள். கிராஸ் என்ற தளத்தில் எல்லாம் பொதுவில் கிடக்கிறது, டிக்கிப் பெட்டி என்று தேடினால் டோட்ஸ் பெயரோடு வரிசையாக வரும். உங்கள் சாம்பல் நிறப் பெட்டிக்குக் கேட்பது நேரத்துக்கு நஷ்டம். முன்சீட்டின் முதுகில் கட்டித் தொங்கவிடுகிற பைகள் மாதிரி, சேமிக்கிறது ஆனால் தூக்கிப் போவதில்லை என்கிற பொருளுக்குக் கேட்கலாம்.

கேட்காமல் 8708 போட்டால் என்ன ஆகும்? எங்கள் அலுவலகத்துக்கு வருகிற பழைய கோப்புகளில் பார்த்த வரிசை இது. முதலில் ஒன்றும் ஆகாது. சரக்கு வந்துவிடும், விற்றுவிடுவீர்கள். பிறகு 28-ஆம் படிவம் வரும்: பொருளின் படம் கொடு, பயன்பாடு சொல், மாதிரி அனுப்பு, 30 நாளில் பதில். அதன் பிறகு 29-ஆம் படிவம்: கோடை மாற்றுகிறோம், வித்தியாசத்தைக் கட்டு. கணக்கு இறுதியாவது வழக்கமாக 314-ஆம் நாள் வாக்கில். அதிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். அதற்குள் பெட்டியெல்லாம் விற்று, விலையும் பழைய டூட்டியை வைத்துப் போட்டிருப்பீர்கள், வித்தியாசத்தை யாரிடம் வசூலிப்பது? அலட்சியம் என்று முடிவு செய்தால் அபராதம் தனி, அதற்கு ஐந்து வருடம் பின்னால் போகலாம். தானாக முன்வந்து சொன்னால் அபராதம் பெரும்பாலும் வட்டியோடு நிற்கும், ஆனால் அவர்கள் விசாரணை தொடங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 4

வியட்நாமில் தைத்தால் 301 போய்விடும் என்று ஒருவர் எழுதியதற்கு மட்டும் ஒரு வரி சேர்க்கிறேன், யாராவது நம்பி ஆர்டர் கொடுத்துவிடப் போகிறார்கள். 6307.90-இல் விழுகிற பொருளுக்குப் பிறப்பிடம் தைத்த நாடு இல்லை, துணி நெய்த நாடு. சீனத் துணியை வாங்கி ஹோ சி மின் நகரில் தைத்தாலும் அது சீனச் சரக்குதான், 7.5 கூடவே வரும். 4202-க்குப் பிறப்பிட விதி வேறு. ஆகவே முதலில் தலைப்பு, பிறகு பிறப்பிடம், அந்த வரிசையில் பாருங்கள். துணி எங்கே நெய்தது என்று ஆலையிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் கோப்பில் இருக்க வேண்டும்.

கரூர்காரருக்கு: மாதிரி பார்த்தேன். தையல் நன்றாக இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் பாலியெஸ்டர் போட்டிருக்கிறீர்கள், அதையும் பருத்தியாக மாற்றிவிட்டால் யாரும் எதையும் எடை போட வேண்டி வராது.